வெண்கலப் பாத்திரத்துக்குள் ஒரு வரி

லண்டனுக்கு வந்து இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்த பிறகு, எண்பத்தேழில் ஒரு பெரிய நூதனசாலையில் எனக்குக் காவலர் வேலை கிடைத்தது. ஊரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞனாக இருந்தவன் நான். இங்கே கடும் நீல கோட்டும் அதே நிறத்தில் டையும் தந்து சீன அறையில் நிறுத்தினார்கள். அந்த அறைக்குப் போக யாருக்கும் விருப்பமில்லை. எகிப்திய அறை என்றால் சனம் வரும், பொழுது போகும். சீன அறையில் பச்சை பிடித்த வெண்கலப் பாத்திரங்கள்தான். நான் புதியவன், அதனால் எனக்கு அது.

முதல் சில மாதங்கள் அந்தப் பாத்திரங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. மூன்று தடித்த கால், மேலே இரண்டு காது, வயிற்றில் கொம்பு வைத்த ஒரு மிருக முகம். அந்த முகத்துக்குக் கண் இருக்கும், மேல்வாய் இருக்கும், கீழ்த்தாடை மட்டும் இராது. என்னதான் துடைத்து வெளிச்சம் போட்டு வைத்தாலும், ஒரு பெரிய விருந்து முடிந்து கழுவாமல் விட்டுப்போன அண்டாக்கள் போலத்தான் அவை எனக்குத் தெரிந்தன.

எண்பத்தெட்டின் தொடக்கத்தில் என் மனைவி வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் நான் வேலை செய்யும் இடத்தைக் காட்டினேன். அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் சொன்னாள்:

"செத்தவீட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ளயோ நாள் முழுக்க நிக்கிறியள்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. கல்லறைகளைத் தோண்டி எடுத்தவை என்றுதான் கீழே அட்டையிலும் எழுதியிருந்தது.

அந்த வருடம் கோடையில் ஒரு சீனப் பெண் வரத் தொடங்கினார். முப்பது வயதிருக்கும். கன்வஸ் சப்பாத்து, தானே வெட்டிக்கொண்டது போன்ற தலைமயிர், மடக்குக் கதிரை ஒன்று. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலையில் வந்து, ஒரே பாத்திரத்தின் முன்னால் இருந்து வரைவார். பார்வையாளர்களோடு நாங்களாகப் பேசக்கூடாது என்பது விதி. நாலாவது செவ்வாயோ ஐந்தாவது செவ்வாயோ என்னால் பொறுக்க முடியவில்லை. படவரைஞனின் கண் பொல்லாதது.

"மூன்றாவது கால் பிழை," என்றேன். "இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். இப்படி வைத்தால் பாத்திரம் சரிந்துவிடும்."

திரும்பி என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், ரப்பரை எடுத்து அழித்தார். "காவல்காரருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்கு நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் பேசினோம். இரண்டு பேரின் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவில் நொண்டியது, அதனால் ஒருவருக்கொருவர் வெட்கம் இல்லை. ஒரு கலைக்கல்லூரியில் படிக்க வந்திருந்தார். அவருடைய ஊர்ப்பக்கம் வயல் உழும்போது இந்த மாதிரிப் பாத்திரங்கள் கலப்பையில் தட்டுப்படுமாம். இந்த முக்காலிக்கு 'டிங்' என்று பெயர், இறந்த முன்னோருக்கு இறைச்சியும் தானியமும் சமைத்துப் படைக்கிற பாத்திரம் என்றார். கீழ்த்தாடை இல்லாத மிருகம் தின்னத் தெரிந்தும் விழுங்க முடியாத பேராசைப் பிராணி என்று ஊரில் ஒரு கதை உண்டாம். இப்படி ஒன்பது முக்காலிகள் யாரிடம் இருக்கின்றனவோ அவன்தான் அரசன் என்று இன்னொரு கதை.

"உள்ளே பாருங்கள்," என்றார் ஒருநாள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். வயிற்றின் உட்சுவரில் வரிவரியாக எழுத்து.

"வெளியே எழுதாமல் ஏன் உள்ளே எழுதினார்கள்?"

"சோறு போட்டால் எழுத்து மறைந்துவிடும். உயிரோடு இருப்பவர்கள் அதை வாசிக்க முடியாது. சாப்பிட வருகிற முன்னோர்தான், சாப்பிட்டு முடித்ததும், அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பார்கள்."

அன்று வேலை முடிந்து கிங்ஸ்பரியில் இருந்த வீட்டுக்கு ரயிலில் போகும் வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு போனேன். அதற்குக் காரணம் இருந்தது.

என் அம்மா எண்பத்தேழு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். எனக்குக் கடிதம் வந்தது மூன்று கிழமைக்குப் பிறகு. அப்போது ஊரில் ஷெல்லடி. உடலைச் சுடலைக்குக் கொண்டுபோக முடியாமல் வளவுக்குப் பின்னாலேயே எரித்திருக்கிறார்கள். ஒரே பிள்ளை நான் இங்கே நின்றேன். தூரத்து உறவுக்காரர் ஒருவர் கொள்ளி வைத்தார். கடைசி இரண்டு வருடமும் அம்மாவோடு இருந்தவள் என் மனைவி. லண்டனுக்கு வந்த பிறகு அவள் அந்த நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். முன்னால் உட்கார்ந்து சொல்லமாட்டாள். கோப்பை கழுவும்போது ஒரு வசனம், உடுப்பு மடிக்கும்போது ஒரு வசனம். அப்படித்தான் ஒருநாள் சொன்னாள்:

"கடைசி நாலு நாளும் மாமிக்கு ஆளை மட்டுக்கட்ட ஏலாமப் போட்டுது. கேற் சத்தம் கேட்டா மட்டும் கண்ணைத் திறப்பா. 'வந்திட்டானோ?' எண்டு கேப்பா. நான் 'வாறாராம் மாமி' எண்டு சொல்லுவன்."

சொல்லிவிட்டு மடித்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள்.

எண்பத்தொன்பது ஜூனில் அந்தச் சீனப் பெண் மூன்று செவ்வாய் வரவில்லை. நான் தொலைக்காட்சியில், பீக்கிங்கில் மாணவர்கள்மேல் ராணுவம் சுட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது செவ்வாய் வந்தார், வரையவில்லை. சீனத் தூதரகத்துக்கு முன்னால் போய் நின்று கத்தியதாகவும், எதிர்ப்பக்கம் இருந்து யாரோ படம் எடுத்ததாகவும் சொன்னார். "இனித் திரும்பிப் போக முடியாது என்று நினைக்கிறேன்," என்றார். எனக்கு அந்த வசனம் பழக்கம்.

அடுத்த குளிர்காலத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். அதையும் அந்தப் பாத்திரம் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். கண்ணாடியில் யாரையும் சாயவிடக்கூடாது என்பதுதான் என் வேலை. நான் அறையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தானே ஒரு முக்காலி செய்யப்போவதாகச் சொன்னார். தெற்கு லண்டனில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பட்டறை. மெழுகில் செய்து, பிறகு வெண்கலத்தில் வார்ப்பது. ஒரு ஞாயிறு பின்னேரம் என்னை அங்கே வரச் சொன்னார். நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மெழுகுப் பாத்திரம் என் இடுப்பளவு உயரம், ஆனால் அதில் பெரும்பகுதி கால்தான். பழைய பாத்திரங்களில் முகில் வடிவமும் பாம்பு வடிவமும் ஓடும் இடத்தில் இவர் வேறு பொருட்களை அழுத்தி அச்செடுத்திருந்தார்: விமானத் தபால் உறை, விசா முத்திரை, தொலைபேசி அட்டை, சோறு வடிக்கும் தட்டு. மிருக முகத்தின் கண்கள் இரண்டும் விரல் விட்டுச் சுழற்றும் பழைய தொலைபேசியின் வட்டங்கள். கீழ்த்தாடை இல்லை. எனக்கு நவீன கலை விளங்காது. ஆனால் அந்தக் கண்களில் ஒன்றின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஊருக்கு லைன் கிடைக்காமல் நான் சுழற்றிய வட்டங்கள் அவை.

உட்சுவரின் ஒரு பக்கத்தில் தன் அப்பாவுக்குச் சீனத்தில் எழுதியிருந்தார். மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு இரும்பு ஊசியை என் கையில் தந்தார்.

"இது உங்கள் அம்மாவுக்கு. என்ன எழுதுவதென்று நான் கேட்கமாட்டேன்."

குனிந்து, கையைப் பாத்திரத்துக்குள் விட்டு எழுதினேன். படவரைஞனின் எழுத்து, ஒவ்வொன்றும் ஒரே அளவு. மெழுகு சுருள் சுருளாக எழும்பி விழுந்தது. 'அம்மா, வந்திட்டன்.' அவ்வளவுதான். அச்சுத்தமிழில் எழுதவில்லை, அம்மா கேட்ட பேச்சிலேயே எழுதினேன். எழுதி முடித்ததும் நானாகவே அர்த்தத்தைச் சொன்னேன். மனைவி மடித்த உடுப்போடு சொன்னதையும் சொன்னேன்.

"கண்காட்சியில் இதைச் சோற்றால் நிரப்புவேன்," என்றார் பிறகு. "என்னுடையதும் உங்களுடையதும் மூடுபட்டுவிடும். யாரும் வாசிக்கமாட்டார்கள்."

தொண்ணூற்றொன்று வசந்தகாலத்தில் கண்காட்சி. ஒரு சிறிய, ஆனால் பேர்பெற்ற காட்சிக்கூடம். அவருடைய அறையில் ஒற்றை அடுப்பு மட்டும் இருந்ததால் சோறு சமைத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் மனைவியிடம் கேட்டேன், ஆனால் பாதியைத்தான் சொன்னேன்: ஒரு சீனப் பிள்ளை, தகப்பன் செத்துப்போனார், போக ஏலவில்லை, அவருக்குப் படைக்க வேண்டுமாம்.

"தகப்பனுக்கோ? அப்ப வடிவாச் செய்யவேணும்," என்றாள்.

அன்று வேலைக்கு லீவு போட்டாள். தலை முழுகினாள். வீட்டிலிருந்த மிகப்பெரிய பானையை உலையேற்றி, உப்புக்கூட ருசி பார்க்காமல் சமைத்தாள். பானையைத் துவாயால் சுற்றிக் கட்டி, ஜூபிலி லைன் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டி முழுக்கச் சோற்று வாசம். எதிரில் இருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

காட்சிக்கூடத்தில் வெள்ளைச் சுவரும், வைன் கிளாசும், கறுப்பு உடுப்புமாகச் சனம். நடுவில் ஒரு தாழ்ந்த மேடையில் அந்த முக்காலி. வெண்கலத்தில் அது வேறு ஆளாகிவிட்டிருந்தது. நல்ல அழகு என்பதை நான் மறுக்கமாட்டேன். பொறுப்பாளர் உயரமான ஒரு ஆங்கிலப் பெண்மணி. பானையைக் கண்டதும் கையால் மறித்தார்.

"மன்னிக்கவேண்டும். உணவு வைக்க முடியாது. காப்புறுதிக் கம்பனி ஒப்புக்கொள்ளாது. எலியும் வரும்."

நான் சீனப் பெண்ணைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது. சோறு வேண்டாம் என்று அவர் எங்களுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

"வெறுமையாக இருப்பதுதான் பலம்," என்றார் பொறுப்பாளர், எங்களுக்கு ஆறுதல் சொல்வது போல. "வெற்று முக்காலி, வெற்றுச் சிம்மாசனம். எல்லோருக்கும் உடனே விளங்கும்."

பானையைப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். என் கையில் யாரோ துண்டுப்பிரசுரத்தைத் தந்தார்கள். குறியீடு, குறியீடு என்று ஒவ்வொரு பந்தியிலும் இருந்தது. முக்காலி அதிகாரத்தின் குறியீடு, மிருகம் அரசின் குறியீடு, தொலைபேசி தணிக்கையின் குறியீடு. இவ்வளவையும் ஒரு பாத்திரத்தின் தலையில் ஏற்றியிருந்தார்கள், ஆனால் செத்த மனிதருக்குச் சோறு வைப்பது என்று ஒரு இடத்திலும் இல்லை. கடைசிப் பந்தியில் இப்படி இருந்தது: உட்சுவரின் ஒரு பக்கத்தில் சீன எழுத்து, எதிர்ப்பக்கத்தில், கலைஞர் கற்பனையில் உருவாக்கிய எழுத்துகள், இந்த உலகில் இல்லாத ஒரு மக்களின் மொழி.

நான் அதை இரண்டாம் முறை வாசித்தேன். அப்போது மனைவி மேடைப்பக்கம் போய்விட்டிருந்தாள். சோறு போகவேண்டிய இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்கத்தான் குனிந்திருப்பாள். எழுத்துக் கூட்டி வாசிப்பது போல அவள் உதடு அசைந்தது. பிறகு சத்தமாகவே கேட்டாள்:

"இதை ஆர் எழுதினது?"

அந்தக் கூடத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அருகே நின்ற ஒரு வெள்ளைக்கார மூதாட்டி ஆவலோடு திரும்பி, "உங்களுக்கு இதை வாசிக்க முடிகிறதா?" என்று அவளைக் கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "ஆம். என்னுடைய மொழி. அம்மா, நான் வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறது."

"எவ்வளவு அழகு!" என்றார் மூதாட்டி. பொறுப்பாளர் விரைந்து வந்து மூதாட்டியைத் தோளில் தொட்டு வேறு ஒரு சிற்பத்தின் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய்ப் பொறுப்பாளரிடம் பிரசுரத்தை நீட்டி, இது பிழை, இது தமிழ் என்றேன். அவர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"எனக்குத் தெரியும். கலைஞர் சொன்னார். ஆனால் சீனாவைப் பற்றிய படைப்பில் இலங்கையையும் கொண்டுவந்தால் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். ஒரு நேரத்தில் ஒரு துயரத்தைத்தான் மனிதர்கள் தாங்குவார்கள்."

நான் பிரசுரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சோற்றுப் பானையோடு அதே ரயிலில் திரும்பினோம். வீட்டுக்குள் வந்து, சேலையைக்கூட மாற்றாமல் மனைவி குசினியில் நின்று கேட்டாள்:

"மாமி கேட்டதை நான் உங்களுக்குத்தானே சொன்னனான். நீங்கள் அதைக் கொண்டுபோய் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"அம்மாவுக்குத்தான் எழுதினனான்," என்றேன். "சோத்தால மூடுபடும் எண்டவ. ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்டவ."

"நீங்கள் வரேல்லை. வராத ஆள் 'வந்திட்டன்' எண்டு எழுதிப்போட்டியள். அவ கண்ணைத் திறந்து திறந்து கேக்கேக்க நான் பொய் சொன்னனான். எனக்கு வேற வழியில்லை. உங்களுக்கு என்ன வந்தது?"

மறுநாள் காலை அவள் அந்தச் சோற்றில் ஒரு பிடி எடுத்துக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து மதிலில் காகத்துக்கு வைத்தாள். புறாக்கள்தான் வந்தன. மிச்சத்தை அவளே கொட்டினாள்.

அந்தக் கிழமை நான் சீனப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் களைத்துப்போன குரல். நான் முதலில் கத்தினேன். இல்லாத மக்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். எங்களை இல்லாமலாக்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கு உங்கள் உதவி தேவையில்லை என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அது என் முதல் கண்காட்சி. இதை நிறுத்தியிருந்தால் எனக்கு இந்த நாட்டில் வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் யாரும் வாசிக்கக்கூடாது என்றுதானே எழுதினீர்கள்? இறந்தவர்களுக்குத்தானே எழுதினீர்கள்? இப்போது ஏன் விளக்க அட்டை கேட்கிறீர்கள்?"

நான் போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது என் கோபத்தைக் கூட்டியதே ஒழியக் குறைக்கவில்லை.

காட்சிக்கூடத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பத்திரிகைகளில் விமர்சனம் வந்தது. ஒருவர் அந்தக் கற்பனை எழுத்தின் வட்டங்களைப் பற்றி, அவை மூடிய வாய்களைப் போலிருக்கின்றன என்று எழுதியிருந்தார். சீனப் பெண் பேர்பெற்ற கலைஞராக மேலே வந்தார். பிறகு அவர் செய்ததெல்லாம் முக்காலிகள்தான். உருகும் ஐஸில், கம்பியில், செய்தித்தாளில். அவர் நூதனசாலைக்கு வரவில்லை. நானும் மேலாளரிடம் கேட்டுக் கடிகாரங்கள் இருக்கும் அறைக்கு மாறிக்கொண்டேன். அங்கே சனம் அதிகம். யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஐந்தாறு வருடம் கழித்து, அந்தப் பாத்திரத்தை, வங்கிகள் நிறைந்த சிற்றி பகுதியில் ஒரு நிறுவனம் வாங்கித் தன் வரவேற்பு மண்டபத்தில் வைத்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். லீவு நாள் ஒன்றில் போனேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்புப் பெண் கேட்டாள். அந்தச் சிற்பத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவளுக்கு அது சிற்பம் என்று உடனே பிடிபடவில்லை. பிறகு, "ஓ, அந்தப் பூச்சாடியா?" என்றாள்.

மண்டபத்தை அலங்கரித்தவர்கள் அதை வெள்ளைக் கூழாங்கற்களால் நிரப்பி, முறுக்கிய காய்ந்த மரக்கொம்புகளைக் குத்தியிருந்தார்கள். தொலைபேசிக் கண்கள் இரண்டும் லிப்ட் கதவைப் பார்த்தபடி இருந்தன. யாரும் பார்க்காத சமயம் பார்த்து நான் கல்லுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். எழுத்து தட்டுப்படவில்லை. இன்னும் ஆழத்தில் இருந்திருக்கும். உட்சுவரைச் சுரண்டிவிட்டிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் வந்திராது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அப்பிடியே?" என்றாள். அவள் கோபமாக இல்லை. அந்தக் கோபம் எப்போதோ முடிந்துவிட்டது. நாங்கள் சண்டைக்காரர்கள் அல்ல. இரண்டு பிள்ளைகள், ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீடு, வெள்ளிக்கிழமையில் ஆர்ச்வே கோயில் என்று மற்றவர்கள் போல நாங்களும் இருக்கிறோம்.

ஆனால் அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அவள் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். கோப்பை கழுவும்போதும் இல்லை, உடுப்பு மடிக்கும்போதும் இல்லை. நான் பார்க்காத அம்மாவின் கடைசி இரண்டு வருடமும் அவளிடம்தான் இருக்கிறது. அம்மா என்ன சாப்பிட்டார், எந்தக் கட்டிலில் கிடந்தார், என்னைப் பற்றி வேறு என்ன கேட்டார், ஒன்றும் எனக்குத் தெரியாது. தொண்ணூற்றெட்டில் அம்மாவின் திவசத்தன்று, கோயிலிலிருந்து வந்து, வாய்விட்டே கேட்டேன்.

"அம்மா வேற ஏதும் சொன்னவவோ? எனக்குச் சொல்லும்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"எல்லாம் சொல்லிப்போட்டனே," என்றாள்.

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் மறுபடி கேட்கவில்லை.